அயலார்க்கு இட்ட அமுது



மார்கழித் திருவாதிரை நன்னாளில் திருக்குற்றாலத்துச் சித்திரசபையின் முன் நின்று, ஆடல்வல்லானுக்கு நிகழும் தாண்டவ தீபாராதனையைக் கண்டு உள்ளம் உருகுகின்றோம். கூத்தப்பெருமானுக்கு உரிய ஐந்து சபைகளுள், திருவாலங்காட்டில் உள்ளது இரத்தின சபை, தில்லையில் பொற்சபை, மதுரையில் வெள்ளியம்பலம், நெல்லையில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திரசபை. இங்கே பெருமான் ஓவிய வடிவில் எழுந்தருளி ஆடுகின்றான். சுவரில் எழுதிய வண்ணத்திலும் அவனைக் கண்டு தொழலாம் என்னும் எளிமை இத்தலத்துக்கு உரிய சிறப்பு.

தரிசனம் முடிந்து வீடு திரும்பும்போது மற்றொரு காட்சியைக் காண்கின்றோம். மேலகரத்திலும் இலஞ்சியிலும் தென்காசித் தெருக்களிலும் வறுத்த அரிசியின் மணமும் வெல்லப்பாகின் மணமும் கலந்து வருகின்றன. மூடிய கிண்ணங்களைக் கையில் ஏந்திக்கொண்டு சிறுவரும் சிறுமியரும் ஒரு வாயிலிலிருந்து மறுவாயிலுக்குச் செல்கின்றனர். எல்லார் வீட்டிலும் களி கிண்டியிருக்கிறார்கள். எனினும் இவர் வீட்டுக் களி அவர் வீட்டுக்கும், அவர் வீட்டுக் களி இவர் வீட்டுக்கும் செல்கின்றது. இது எதற்காக? எல்லாரிடத்தும் உள்ள பொருளை எல்லார்க்கும் கொடுப்பதில் என்ன பயன்? இந்த வினாவையே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

களியும் தாளகமும்

முதலில் அப்பண்டத்தின் இயல்பை நோக்குவோம். பச்சரிசியைச் சிவக்க வறுத்து, குருணையாக உடைத்து, வறுத்த பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவைத்து, வெல்லப்பாகும் தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலமும் கூட்டிக் கிண்டுவது திருவாதிரைக் களி. இதில் அரிய பொருள் ஒன்றும் இல்லை. ஏழையின் வீட்டிலும் ஒரு பிடி அரிசியும் ஒரு கட்டி வெல்லமும் கிடைக்கும். நெய் இல்லாதவர் நெய்யின்றியும் செய்வர்.

நெல்லைச் சீமைக்கே உரிய துணையுணவு தாளகம் என்னும் குழம்பு. பூசணி, பரங்கி, அவரை, வாழை, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று அப்பருவத்தில் விளையும் காய்களையும் கிழங்குகளையும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சேர்த்து, எள்ளும் பருப்பும் வறுத்துப் பொடித்து இட்டு, புளி கூட்டிக் காய்ச்சுவது அது. ஏழு காயில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அரிந்தாலும் சிறிய குடும்பத்துக்கு மிகுதியாகிவிடும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் அத்தனை காயும் விளைவதும் இல்லை. இவர் பரங்கிக்காய் கொடுக்க, அவர் கிழங்கு கொடுக்க, அடுப்பு ஏற்றுவதற்கு முன்பே பகிர்தல் தொடங்கிவிடுகின்றது. தனித்துச் சமைக்கவும் தனித்து உண்ணவும் இயலாதபடியே இவ்வுணவை நம் முன்னையோர் அமைத்திருக்கின்றனர்.

குற்றாலத்தின் தலமரம் குறும்பலா என்பது அன்பர் அறிந்ததே. திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு ஒரு பதிகமும், குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் அருளினார். பலாப்பழத்தை அரிந்த வீடு அதனை ஒளித்து உண்ண இயலுமோ? மணம் தெரு முழுதும் பரவிவிடும். சுளையோ ஒரு குடும்பம் உண்டு தீராது. எனவே பலா அரிந்த நாளில் அயல்வீட்டுத் தட்டுகளிலும் சுளை இருக்கும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியில் இம்மலையின் வளத்தைப் பாடும்போது, குரங்குகள் தம்முள் கனி கொடுத்து மகிழ்வதையும், அவை சிதறும் கனிக்கு வானோரும் ஏங்கி நிற்பதையும் காட்டுகின்றார். விலங்கும் பகிர்ந்துண்ணும் மலை என்று தம் ஊரைப் போற்ற அவர் விரும்பினார் போலும்.

விறகு விற்றவர் இல்லத்து விருந்து

திருவாதிரையில் களி ஏன் நிவேதனமாயிற்று? சேந்தனார் வரலாறு இதற்கு விடை கூறும். ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் பாடிய அப்பெரியார், பட்டினத்தடிகளிடம் கணக்கராய் இருந்தவர் என்றும், பின்னர் தில்லைக்கு அருகில் விறகு விற்று வாழ்ந்தவர் என்றும் வழிவழியாகச் சொல்வர். நாள்தோறும் ஓர் அடியவர்க்கு அமுது அளித்த பின்னரே தாம் உண்பது அவர் நியமம்.

ஒரு நாள் பெருமழை. விறகு நனைந்தது, வாங்குவார் இல்லை, கையில் காசும் இல்லை, இல்லத்தில் அரிசியும் இல்லை. இருந்த மாவைக் களியாகக் கிண்டி வைத்துவிட்டு அடியவர் வரவை எதிர்நோக்கி இருந்தனர் கணவனும் மனைவியும். பொழுது சாய்ந்தபின் முதியவர் ஒருவர் மழையில் நனைந்து வந்தார். களியை விரும்பி உண்டார். எஞ்சியதையும் கேட்டு வாங்கிச் சென்றார். மறுநாட்காலையில் தில்லைக் கருவறையைத் திறந்தவர்கள் சந்நிதியில் களி சிதறிக் கிடக்கக் கண்டு திகைத்தனர். வந்தவர் யார் என்பது அப்போது விளங்கியது. பின்னர்த் தேர் நிலையிலிருந்து பெயராது நின்றபோது சேந்தனார் பல்லாண்டு பாடியருள, தேர் ஓடிற்று என்பதும் அவ்வரலாறு.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. பெருமான் அரண்மனையில் விருந்து உண்ணவில்லை. விறகு சுமந்தவர் குடிசையில் உண்டான். நாம் இன்று வெள்ளிக் கிண்ணத்தில் நெய் மிதக்க வைத்து நிவேதிக்கும் களி, ஓர் ஏழையின் அடுப்பிலிருந்து வந்த களி. இதனை மறவாமல் நெஞ்சில் வைத்துக்கொள்வோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இது நமக்கு வேண்டப்படும்.

படக்கோயிலும் நடக்கும் கோயிலும்

கோயிலில் நிவேதித்தால் போதாதா, அயலார்க்கும் இடவேண்டுமா என்று சிலர் கேட்பர். திருமூலர் இதற்குத் தெளிவாக விடை தந்துள்ளார். ஓவியமும் திருவுருவமும் விளங்கும் கோயிலில் உறையும் இறைவனுக்குக் கொடுத்தது, நடமாடும் கோயில்களாகிய அடியார்க்குச் சென்று சேராது. அடியார்க்குக் கொடுத்ததோ அவ்விறைவனையே சென்று சேரும் என்பது அவர் கருத்து. சித்திரசபை உடைய குற்றாலத்தில் நிற்கும் நமக்கு இவ்வுரை மிகவும் பொருந்தும். ஓவியத்தில் உள்ள பெருமான் நம் களியைக் கண்டருளுகின்றான். பசித்த வாயில் இட்டால்தான் அவன் அதை உண்கின்றான்.

இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு பிடி புல், தாம் உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, அதுவும் இயலாதவர்க்கு ஓர் இனிய சொல் என எல்லார்க்கும் இயலும் எளிய அறங்களையும் அவரே வகுத்தார். செல்வம் இல்லை என்று சொல்லி இவ்வறத்திலிருந்து ஒருவரும் விலக இயலாது. இளையான்குடி மாறனார், அன்று விதைத்த நெல்முளையை நள்ளிரவு மழையில் வாரிக்கொண்டு வந்து அடியவர்க்கு அமுது ஆக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் நாள்தோறும் பெற்ற படிக்காசினால் அடியார்களை ஊட்டினர். சம்பந்தர் பெற்ற காசு வட்டம் கொடுத்து மாற்றவேண்டியதாயிருந்தமையால் அவர் திருமடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. அந்தத் தாமதத்தையும் பொறாது அவர் இறைவனிடம் முறையிட்டார். பசித்தவர்க்கு உணவு உரிய நேரத்தில் செல்ல வேண்டும் என்பதில் அருளாளர்க்கு இருந்த கவலை அத்தகையது.

ஆண்டு முழுவதும் பகிர்தல்

திருவாதிரை ஒன்றோடு இவ்வழக்கம் முடிவதில்லை. தென்காசியின் தலவரலாற்றையே எடுத்துக்கொள்வோம். காசிக்குச் சென்று வழிபட விரும்பிய பராக்கிரம பாண்டியன் கனவில் பெருமான் தோன்றி, எறும்புச் சாரை செல்லும் வழியே சென்றால் தன்னைக் காணலாம் என்று அருளினான் என்றும், அவ்வாறே சிற்றாற்றங்கரைச் செண்பக வனத்தில் இலிங்கத் திருமேனியை அரசன் கண்டான் என்றும் கூறுவர். அரசனுக்கு வழிகாட்டியது எறும்பு. நம் மகளிர் வைகறையில் அரிசி மாவினால் கோலம் இடும்போது அந்த எறும்புக்கும் உணவு இடுகின்றனர். அயலார் என்னும் சொல்லுக்குள் எறும்பும் அடங்கும் என்பதே இதன் பொருள்.

ஐப்பசி முழுமதியில் சிவாலயங்களில் அன்னாபிடேகம் நிகழ்கின்றது. சோற்றினால் இலிங்கத் திருமேனியை மூடி வழிபட்டு, பின்னர் அவ்வன்னத்தில் ஒரு பகுதியை நீர்நிலையில் கரைக்கின்றனர். எஞ்சியதை அடியார்க்கு வழங்குகின்றனர். மீனுக்கும் மனிதர்க்கும் ஒரே அன்னம் செல்கின்றது.

கார்த்திகைத் தீபத்தன்று தென்பாண்டி நாட்டில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பர். அரிசி மாவும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து பனங்குருத்தோலையில் பொதிந்து வேகவைப்பது அது. ஓலையோடு எடுத்து அயல்வீட்டாரிடம் கொடுக்கலாம், பாத்திரமும் வேண்டுவதில்லை. தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் வரும். மார்கழி முழுதும் வாசற்கோலத்தில் சாணப் பிள்ளையார்மேல் வைத்த பூக்களை எருவோடு சேர்த்துத் தட்டி உலர்த்தி வைத்திருந்த சிறுமியர், முற்றத்தில் சிறு வீடு அமைத்துப் பொங்கல் இட்டு, எருவையும் பொங்கலையும் ஆற்றுக்கு எடுத்துச் சென்று நீரில் விட்டுத் தங்களுக்குள் பகிர்ந்து உண்பர். ஈகையின் முதற்பாடத்தை அச்சிறுமியர் விளையாட்டாகவே கற்றுக்கொள்கின்றனர். ஔவையார் நோன்பிலோ, பல வீட்டு மகளிரும் இரவில் ஒரு வீட்டில் கூடி உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துத் தம்முள் பகிர்ந்து உண்பர். ஆடவர்க்கு அதில் ஒரு துண்டும் இல்லை. நாள்தோறும் பிறர்க்கு இட்டு உண்ணும் மகளிர்க்கு, அவர்களுக்கே உரிய பந்தி ஒன்று ஆண்டில் சில நாளாவது இருக்கட்டும் என்று முன்னையோர் எண்ணினர் போலும்.

கொடுக்கும் முறை

இவ்வழக்கத்துக்குச் சில நெறிகள் உண்டு. அவை ஏட்டில் எழுதப்படாதவை. தாய்மார் தம் மக்களுக்குச் சொல்லித் தந்தவை. நிவேதனம் ஆகுமுன் பிறர்க்குக் கொடுப்பதில்லை. தாம் உண்ட மிச்சத்தைக் கொடுப்பதில்லை. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை; தம் வீட்டுப் பலகாரம் இல்லையேல் ஒரு பிடி அரிசியோ சிறிது சர்க்கரையோ இட்டு அனுப்புவர். வாங்கியவர் கடன்பட்டவராய்க் குனிந்து நிற்கலாகாது என்பதற்காக ஏற்பட்ட நாகரிகம் இது. எல்லார் வீட்டிலும் களி இருக்கவும் களியை மாற்றிக்கொள்வதன் கருத்தும் இதுவே. ஒருவர் கொடுப்பவர், மற்றவர் ஏற்பவர் என்னும் வேறுபாடு அன்று மறைந்துவிடுகின்றது. வறியவரும் அன்று கொடுப்பவராகின்றார்.

இவற்றினும் சிறந்த நெறி துக்க வீட்டைப் பற்றியது. இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டார். அயலாரே சோறு சமைத்துக் கொண்டுவந்து உண்பிப்பர். அவ்வாண்டு முழுதும் அவ்வீட்டில் பண்டிகை இல்லை, களி கிண்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. ஆனால் அயல்வீடுகளிலிருந்து அவ்வீட்டுக்குப் பலகாரம் வரும். அவ்வாண்டில் மட்டும் அவர்கள் திருப்பித் தரவேண்டுவதில்லை. தந்தையை இழந்த சிறு குழந்தை, தெருவெல்லாம் களி உண்ணும் நாளில் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்னும் இரக்கம் இவ்வழக்கத்தின் அடியில் இருக்கின்றது. பக்தி என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த இரக்கமே அன்றோ?

நாம் செய்த பிழை

இதுவரை கூறியன பெருமைக்கு உரியன. இனிக் கூறுவது நாணத்துக்கு உரியது. மறைத்துப் பேசினால் இது சமய உரை ஆகாது.

நாம் சிறு பருவத்தில் திருவாதிரைக் களியை ஏழெட்டு வீடுகளுக்குச் சுமந்து சென்றதுண்டு. நம் தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் முன்வாயில் வழியே சென்று, கூடத்தில் அமர்ந்திருந்த பெரியோர் கையில் கிண்ணத்தைக் கொடுத்தோம். நம் வீட்டுக்கு விறகு பிளந்து தந்து வாழ்ந்த குடும்பம் ஒன்று தெருவுக்கு அப்பால் இருந்தது. அவர்களுக்கும் களி உண்டு. ஆனால் அவர்கள் கொல்லைப்புறத்துக்கு வரவேண்டும், வாழையிலைத் துண்டில் எட்ட நின்று இடப்படும், கிண்ணத்தில் இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பண்டமும் நம் வீட்டுக்கு வந்ததில்லை. வந்தால் ஏற்றிருக்கவும் மாட்டோம். அன்று அதில் பிழை ஒன்றும் நமக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சேந்தனார் வரலாற்றைப் பலர்முன் எடுத்துரைக்கும்போது, விறகு என்னும் சொல் வந்த இடத்தில் நா தழுதழுத்தது. பெருமான் விரும்பிச் சென்று உண்டது அத்தகைய இல்லத்தில். நாம் களியை எறிந்ததும் அத்தகைய இல்லத்தார்க்கே.

இது ஒரு வீட்டின் பிழை மட்டும் அன்று. நெல்லைச் சீமையில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவர் சிலர்க்கு உணவு தனியே இடப்பட்டதைப் பற்றி 1924, 1925 ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் தமிழகம் முழுவதையும் கலக்கியது. நாட்டுத் தொண்டுக்காக ஏற்பட்ட நிறுவனத்தையும் ஒரு பந்திவேற்றுமை பிளந்துவிட்டது. 1934 ஆம் ஆண்டில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் குற்றாலம் வந்த காந்தியடிகள், எல்லார்க்கும் உரிமை இல்லாத அருவியில் தாம் நீராடுவதற்கில்லை என்று மறுத்தார். மலை தந்த அருவி யாரையும் விலக்கவில்லை, விலக்கியவர்கள் நாம். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நிறைவேறியபின் கோயில் வாயில்கள் திறந்தன. வீட்டு வாயிலைத் திறக்கும் சட்டம் ஒன்று இல்லை. அதனை நாமே திறத்தல் வேண்டும்.

திருக்கோயில் பிரசாதம் ஏந்தும் கைகளைப் பார்த்து வழங்கப்படுவதில்லை. சந்நிதியில் ஒரே வரிசையில் நின்று ஒரே திருநீற்றை அணிந்தவர்கள், தெருவுக்கு வந்தவுடன் இருவேறு வாயிலில் களி வாங்குவது, சந்நிதியில் கண்டதை மறுப்பதாகும்.

இன்று செய்யத்தக்கன

காலம் மாறியுள்ளது. 2002 ஆம் ஆண்டு முதல் தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகின்றது. ஒரே பந்தியில் யாவரும் அமர்ந்து உண்கின்றனர், இது போற்றத்தக்கது. ஆனால் கோயிலில் அன்னதானம் நடக்கின்றது, நன்கொடைச் சீட்டு வாங்கிவிட்டோம் என்று சொல்லி அயல்வீட்டை மறந்துவிடும் போக்கும் வளர்ந்து வருகின்றது. அடுக்கு மாடியில் வாழ்வோர் எதிர்க்கதவில் இருப்பவர் பெயரையும் அறியார். களியையும் கடையில் வாங்கிவிடுகின்றனர். பணத்தால் தருமம் செய்யலாம். கிண்ணம் ஏந்திச் செல்லும் உறவைப் பணத்தால் செய்ய இயலாது.

தென்காசி, கடையநல்லூர் முதலிய ஊர்களில் இசுலாமியரும் சைவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் செல்வதை நாம் அறிவோம். நோன்புக் கஞ்சியை அயலார்க்கும் ஊற்றித் தருவது அவர்கள் வழக்கம். அக்கஞ்சிப் பாத்திரத்தை வெறுமையாக அனுப்பாத நெறி நமக்கு உண்டல்லவா? திருவாதிரைக் களி அவ்வில்லங்களுக்கும் செல்லட்டும். ஏற்பவர் தம் நெறிக்கு ஏற்ப உண்ணலாம், உண்ணாமலும் இருக்கலாம். கொண்டுசெல்லும் அன்பு வீண்போகாது.

ஆகவே அன்பர்கள் இவ்வாண்டு திருவாதிரையில் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகின்றோம். களி கிண்டும்போது அளவில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் வீடுகளோடு, இதுவரை கொடாத ஒரு வீட்டுக்கும் முன்வாயில் வழியே கிண்ணத்தில் வைத்துக் கொடுங்கள். அவ்வீட்டார் திருப்பித் தருவதை வாங்கி, அவர்கள் காண உண்ணுங்கள். மூன்றாவது செயலே கடினமானது. கொடுப்பதற்குக் கை வேண்டும். ஏற்பதற்கு நெஞ்சில் பணிவு வேண்டும்.

அப்பணிவுக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கின்றது. 15 ஆம் நூற்றாண்டில் தென்காசிப் பெருங்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னர் இக்கோயிலைக் காப்பவர் யாராயினும் அவர் அடியில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அவர் யார், என்ன குலம், என்ன நிலை என்று அவன் வினவவில்லை. 1924 ஆம் ஆண்டில் இடிவிழுந்து தீக்கிரையான கோபுரம், பின்னர் பலர் பொருளுதவியால் எழுந்து 1990 ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அரசனுடைய வணக்கத்தை அம்மக்கள் அனைவரும் பெற்றுக்கொண்டனர். கொடுத்த அரசனே ஏற்பவர் அடியில் விழுந்தான் எனின், ஒரு கிண்ணம் களி கொடுக்கும் நாம் எவ்வளவு பணிந்து கொடுத்தல் வேண்டும் என்பதைச் சிந்திப்போமாக.

குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும், தென்காசி விசுவநாதரும் உலகம்மையும் நம் வாயில்களையும் நெஞ்சங்களையும் திறந்தருள வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.